ஃபராக்காவில் யாருக்கு எவ்வளவு? கங்கைப் பங்கீட்டை நீங்களே கணக்குப் போட்டுச் சரிபார்க்கும் வழி

1996 டிசம்பர் 12-ஆம் தேதி புதுதில்லியில் அன்றைய இந்தியப் பிரதமர் தேவ கௌடாவும் வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனாவும் கையெழுத்திட்ட கங்கை நீர் ஒப்பந்தத்தின் ஆயுள் 30 ஆண்டு. வங்கதேச எல்லைக்கு அருகே மேற்கு வங்கத்தில் இருக்கும் ஃபராக்கா கதவணைக்கு வரும் கோடை நீரை இரு நாடும் பங்கிடும் ஒப்பந்தம் அது. 2026 டிசம்பரில் கெடு முடிகிறது. தானாக நீளும் ஏற்பாடு அதில் கிடையாது; இருதரப்பும் சம்மதித்தால் புதுப்பிக்கலாம் என்று 12-ஆவது பிரிவு சொல்வதோடு சரி. இதைப் பற்றிய செய்திகளில் "வங்கதேசத்துக்கு 35,000 கனஅடி உறுதி", "இந்தியா குறைத்துத் திறக்கிறது", "பனிப்பாறை உருகி கங்கை வற்றுகிறது" என்ற மூன்று வரிகள் திரும்பத் திரும்ப வரும். ஒப்பந்த நகலும் ஒரு கால்குலேட்டரும் கையில் இருந்தால் மூன்றையும் நீங்களே சோதித்துவிடலாம்.

முதலில் அலகு

ஒப்பந்தம் முழுக்க விநாடிக்கு இத்தனை கனஅடி என்றே பேசுகிறது. ஒரு கனஅடி 28.3 லிட்டர். 35,000 கனஅடி என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 991 கனமீட்டர். நமக்குப் பழகிய டி.எம்.சி.க்கு மாற்ற ஒரு எண்ணை மனப்பாடம் செய்தால் போதும்: 11,574 கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டி.எம்.சி. ஆக, 35,000 கனஅடி பத்து நாள் ஓடினால் 30.24 டி.எம்.சி. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஏப்ரல் கடைசியில் ஃபராக்காவுக்கு வரும் கங்கை முழுவதையும் திருப்பிவிட்டால்கூட மேட்டூர் நிரம்பப் பதினேழு, பதினெட்டு நாள் ஆகும். மழைக்கால கங்கையை மனதில் வைத்துக்கொண்டு கோடைக் கணக்கைப் படிப்பவர்களுக்கு இந்த ஒப்பீடு உதவும்.

பங்கீடு நடப்பது ஜனவரி 1 முதல் மே 31 வரை மட்டும். மீதி ஏழு மாதத்துக்குப் பங்கு ஏதும் வகுக்கப்படவில்லை. ஐந்து மாதத்தை மாதத்துக்கு மூன்றாக, 15 தவணையாகப் பிரித்திருக்கிறார்கள். "பத்துநாள் தவணை" என்று பேச்சில் சொன்னாலும் எல்லாமே பத்து நாள் அல்ல. ஜனவரி, மார்ச், மே மாதங்களின் கடைசித் தவணைக்கு 11 நாள். பிப்ரவரியின் கடைசித் தவணைக்கு 8 அல்லது 9 நாள். கனஅடியை டி.எம்.சி. ஆக்கும்போது பலர் சறுக்குவது இங்கேதான்.

"வரத்து" என்றால் எது?

பங்கு போடுவதற்கு முன் ஒரே ஒரு எண் வேண்டும்: அந்தத் தவணையில் ஃபராக்காவுக்குச் சராசரியாக வந்த நீர். இதற்கு மூன்று அளவுகளைக் கூட்ட வேண்டும். கதவணைக்குக் கீழே ஆற்றில் விட்டது, ஹூக்ளி ஆற்றுக்குப் போகும் ஃபீடர் கால்வாயில் விட்டது, படகு கடக்கும் லாக் வழியாகப் போனது. இரு நாட்டு ஊழியர்களும் சேர்ந்து தினமும் இவற்றை அளக்கிறார்கள்; எல்லைக்கு அப்பால் வங்கதேசத்தின் ஹார்டிங் பாலத்திலும் அளக்கிறார்கள். இதற்கென ஒரு கூட்டுக் குழுவை 4-ஆவது பிரிவு அமைத்திருக்கிறது.

இந்த "வரத்து" கங்கையின் இயற்கையான வரத்து அல்ல. ஹரித்வாரில் 1854-இல் திறந்த மேல் கங்கைக் கால்வாய் தொடங்கி, உத்தரப் பிரதேசமும் பீகாரும் எடுத்துக்கொண்டது போக எஞ்சியதுதான் ஃபராக்காவுக்கு வந்து சேர்கிறது. தலைமடையில் எடுத்ததற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. ஆற்றின் மேல்பகுதியில் உள்ள நாடு, அதாவது இந்தியா, பழைய சராசரி வரத்தைக் காக்க எல்லா முயற்சியும் எடுக்கும் என்று 2-ஆவது பிரிவு சொல்கிறது. முயற்சி போதவில்லை என்றால் என்ன செய்வது என்று சொல்லவில்லை.

மூன்று படிகள்

முதல் இணைப்பில் உள்ள வாய்பாடு இதுதான்:

- வரத்து 70,000 கனஅடி அல்லது அதற்குக் கீழ்: ஆளுக்குப் பாதி.
- 70,000 முதல் 75,000 வரை: வங்கதேசத்துக்கு 35,000, மீதி இந்தியாவுக்கு.
- 75,000-க்கு மேல்: இந்தியாவுக்கு 40,000, மீதி வங்கதேசத்துக்கு.

ஜனவரி முதல் தவணையின் பழைய சராசரி 107,516. இந்தியாவுக்கு 40,000, வங்கதேசத்துக்கு 67,516. மார்ச் முதல் தவணையின் சராசரி 74,419. வங்கதேசத்துக்கு 35,000, இந்தியாவுக்கு 39,419. பிப்ரவரிக் கடைசியில் ஒரு வருடம் 66,000 மட்டுமே வந்தால் ஆளுக்கு 33,000.

40,000 என்ற எண் எங்கிருந்து வந்தது? ஃபீடர் கால்வாயின் கொள்திறனே அதுதான். ஹூக்ளியின் வண்டலை அடித்துக் கொல்கத்தா துறைமுகத்தைக் காப்பாற்ற 1975-இல் திறந்த 38 கிலோமீட்டர்க் கால்வாய் அது. அதற்கு மேல் விட்டால் கால்வாய் தாங்காது. ஆகவே 75,000-ஐத் தாண்டிய ஒவ்வொரு கனஅடியும் வங்கதேசத்துக்குப் போவதில் தாராளம் எதுவும் இல்லை. வேறு போக்கிடம் இல்லை.

படிகள் சந்திக்கும் இடங்களில் எண் தாவாது என்பதையும் கவனியுங்கள். 70,000-இல் ஆளுக்கு 35,000. 75,000-இல் 40,000-மும் 35,000-மும். நீங்கள் போட்ட அட்டவணையில் இந்த இரண்டு இடத்திலும் பங்கு திடீரென ஏறி இறங்கினால் எங்கோ தவறு செய்திருக்கிறீர்கள்.

35,000 "உறுதி": எல்லாரும் வழுக்கி விழும் இடம்

மேலே சொன்ன வாய்பாட்டின் மேல் ஒரு நிபந்தனை ஏறி உட்கார்ந்திருக்கிறது. மார்ச் 11 முதல் மே 10 வரை உள்ள ஆறு தவணைகளில், ஒன்றுவிட்டு ஒன்றாக, மும்மூன்று தவணை ஒவ்வொரு நாட்டுக்கும் 35,000 கனஅடி உறுதி. நம் ஊர் முறைப்பாசனம் மாதிரிதான். வாய்க்காலில் நீர் குறைந்தால் இந்த வாரம் உன் முறை, அடுத்த வாரம் என் முறை.

- மார்ச் 11–20: வங்கதேசத்தின் முறை
- மார்ச் 21–31: இந்தியாவின் முறை
- ஏப்ரல் 1–10: வங்கதேசம்
- ஏப்ரல் 11–20: இந்தியா
- ஏப்ரல் 21–30: வங்கதேசம்
- மே 1–10: இந்தியா

இந்த ஆறு தவணையில் வரத்து 70,000-க்குக் கீழே போனால் பாதிக்குப் பாதி என்ற விதி ஒதுங்கிவிடும். முறைக்காரருக்கு முதலில் 35,000, மிச்சம் மற்றவருக்கு. ஏப்ரல் முதல் வாரத்தில் 58,000 வந்தால் வங்கதேசத்துக்கு 35,000, இந்தியாவுக்கு 23,000. அடுத்த தவணையிலும் அதே 58,000 வந்தால் அப்படியே தலைகீழ்.

இப்போது செய்தித்தாள் வரியைச் சோதியுங்கள். வரத்து அதே 58,000 ஆக இருக்கும்போது ஏப்ரல் 15-ஆம் தேதி வங்கதேசத்துக்கு 23,000 கனஅடிதான் போகிறது என்றால் அது மீறலா? ஒப்பந்தப்படி இல்லை. ஏப்ரல் 5-ஆம் தேதி அதே 23,000 போனால்? மீறல்தான். தேதி இல்லாத குற்றச்சாட்டையும் தேதி இல்லாத மறுப்பையும் பொருட்படுத்த வேண்டாம்.

இந்த உறுதியால் யாருக்கும் கூடுதல் நீர் கிடைப்பதில்லை என்பதையும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். 61 நாளும் சீராக 60,000 வருவதாக வைத்துக்கொள்வோம். வங்கதேசத்தின் மூன்று முறைகளும் பத்துப் பத்து நாள், மொத்தம் 30 நாள். இந்தியாவின் மூன்றில் ஒன்று 11 நாள் என்பதால் 31 நாள். வங்கதேசத்தின் நாள் சராசரி 29,918, இந்தியாவுக்கு 30,082. பாதிக்குப் பாதிதான். மாறுவது நீர் வரும் தாளம் மட்டும்: பத்து நாள் கொழுப்பு, பத்து நாள் பட்டினி. ஹூக்ளி வண்டலுக்கு அது எப்படியோ, ஹார்டிங் பாலத்துக்குக் கீழே பிரிந்து குல்னா பக்கம் நன்னீர் கொண்டுபோகும் கோராய் ஆற்றுக்குப் பத்து நாள் பட்டினி சின்ன விஷயம் இல்லை. கோடையில் கோராயின் வாய் மணல் மூடிக் கிடக்கும். கங்கையின் மட்டம் தாழ்ந்தால் நீர் ஏறாது, கடல் உப்பு உள்ளே வரும். சராசரியைப் பார்த்து அந்த உப்பைக் கணிக்க முடியாது.

50,000-க்குக் கீழே

ஏதாவது ஒரு தவணையில் வரத்து 50,000-க்குக் கீழே இறங்கினால் இரு அரசுகளும் உடனே கலந்துபேசி, யாருக்கும் தீங்கு வராதபடி அவசர ஏற்பாடு செய்ய வேண்டும். எண்கள் அதோடு முடிந்துவிடுகின்றன. கலந்துபேசி முடியும்வரை யார் எவ்வளவு எடுப்பது என்று இந்தப் பிரிவில் இல்லை. பேச்சு கூடிவருவதற்குள் தவணையே முடிந்துபோகும்.

11-ஆவது பிரிவில் ஒரு 90 சதவீத விதி உண்டு. அதைக் கொண்டுவந்து இங்கே ஒட்டுவது பரவலான பிழை. அது மறுஆய்வு பற்றியது. ஐந்தாண்டுக்கு ஒருமுறையோ, தேவைப்பட்டால் அதற்கு முன்போ நடக்கும் மறுஆய்வுக்குப் பிறகு புதிய அளவில் உடன்பாடு வராவிட்டால், வாய்பாட்டின்படி வங்கதேசத்துக்குச் சேரும் பங்கில் குறைந்தது 90 சதவீதத்தை இந்தியா விட வேண்டும். 35,000 பங்கு என்றால் 31,500. அன்றாடப் பற்றாக்குறைக்கு இது மருந்தல்ல.

இந்த இடத்தில் இரு நாடும் இதற்கு முன் செய்த 1977 உடன்பாடு மேல். வரத்து எவ்வளவு குறைந்தாலும், அட்டவணையில் போட்ட பங்கின் 80 சதவீதத்துக்குக் கீழே வங்கதேசத்துக்குக் குறைக்கக் கூடாது என்றது அது. ஏப்ரல் கடைசித் தவணைக்கு அட்டவணைப் பங்கு 34,500. எனவே தரைமட்டம் 27,600. 1996-இல் அந்தத் தரையை எடுத்துவிட்டார்கள்.

ஹார்டிங் பாலத்தில் சரிபார்க்கும்போது

ஃபராக்காவில் விட்டதும் ஹார்டிங் பாலத்தில் வந்ததும் பொருந்தவில்லை என்றதும் "நடுவில் யாரோ எடுத்துவிட்டார்கள்" என்பது முதல் சந்தேகம். அதற்கு முன் மூன்றைக் கழியுங்கள். ஒன்று, நீர் கீழே போய்ச் சேர நாட்கள் பிடிக்கும். ஒரே தேதியின் இரண்டு எண்களை ஒப்பிடாதீர்கள், தவணைச் சராசரியை ஒப்பிடுங்கள். தவணை மாறும் முதல் சில நாட்களில் முறையும் மாறுவதால் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். இரண்டு, வழியில் கோடாகாரியில் மகாநந்தா வந்து கலக்கிறது. கரையோர நிலத்தடி நீரும் ஊறி வரும், சில சமயம் உறிஞ்சிக்கொள்ளும். மூன்று, அளவீட்டுப் பிழை. ஓட்ட வேகத்தையும் குறுக்குவெட்டையும் பெருக்கிப் பெறும் அளவில் 5 சதவீதம் முன்பின் இருப்பது சாதாரணம். மணல் புரளும் ஆற்றில் குறுக்குவெட்டே நாளுக்கு நாள் மாறும். 60,000-இல் 5 சதவீதம் 3,000 கனஅடி. ஃபராக்காவுக்கும், இரு கரையும் வங்கதேசமாகும் இடத்துக்கும் இடையே இந்தியா எடுக்க ஒப்பந்தம் அனுமதிப்பது 200 கனஅடி. அந்த 200 மீறப்பட்டதா என்பதைப் பாலத்து எண்ணை வைத்து நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

தரவு எங்கே கிடைக்கும் என்றால், டாக்காவில் உள்ள கூட்டு நதி ஆணைய அலுவலகம் தவணைவாரிப் பங்கீட்டு அட்டவணைகளை வெளியிட்டிருக்கிறது. இந்தியப் பக்கத்தில் கங்கைப் படுகையின் நீரோட்டத் தரவு கட்டுப்படுத்தப்பட்டது. சும்மா பதிவிறக்க முடியாது.

காலநிலைச் சோதனை

ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் உள்ள அட்டவணை 1949 முதல் 1988 வரையிலான 40 ஆண்டுச் சராசரி. இதில் இரண்டு கோளாறு. அந்தக் காலத்து ஆறு இப்போது இல்லை. அதைவிடப் பெரியது, சராசரி என்பதே பற்றாக்குறைக்கு ஏற்ற அளவுகோல் அல்ல. நான்கு நல்ல வருடங்கள் பத்து மோசமான வருடங்களை மறைத்துவிடும். 1977 உடன்பாடு 1948–73 தரவில் 75 சதவீத நம்பகமான வரத்தை எடுத்தது. ஏப்ரல் 21–30-க்கு அது சொன்னது 55,000. 1996 அட்டவணை அதே பத்து நாளுக்குச் சொல்வது 60,992. எடுத்த ஆண்டுகளும் கணக்கு முறையும் மாறியதும் காகிதத்தில் ஏறக்குறைய 6,000 கனஅடி கூடிவிட்டது.

75 சதவீத நம்பகமான வரத்தைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரு தவணைக்கு 27 ஆண்டுத் தரவு இருந்தால் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள், 21-ஆவது எண்ணை எடுங்கள் (21-ஐ 28-ஆல் வகுத்தால் 0.75). நான்கில் மூன்று ஆண்டு அந்த அளவோ அதற்கு மேலோ வரும் என்று பொருள். 15 தவணைக்கும் தனித்தனியாகச் செய்து, பழைய அட்டவணைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். 70,000-க்குக் கீழே எத்தனை முறை, 50,000-க்குக் கீழே எத்தனை முறை என்றும் எண்ணி வையுங்கள். ஐந்து மாதச் சராசரியை மட்டும் ஒருபோதும் எடுக்காதீர்கள். ஜனவரியின் செழிப்பு ஏப்ரலின் வறட்சியை மூடிவிடும்.

அடுத்து, பழைய அட்டவணையை 10, 20 சதவீதம் குறைத்து வாய்பாட்டில் ஓட்டுங்கள். ஏப்ரல் 11–20-இன் சராசரி 62,633, இந்தியாவின் முறை. 10 சதவீதம் குறைந்தால் 56,370. இந்தியாவுக்கு 35,000, வங்கதேசத்துக்கு 21,370. 20 சதவீதம் குறைந்தால் 50,106. இந்தியாவுக்கு அதே 35,000, வங்கதேசத்துக்கு 15,106. அட்டவணை சொன்ன 27,633-இல் கிட்டத்தட்ட 45 சதவீதம் போய்விட்டது. ஆனால் வரத்து 50,000-ஐ இன்னும் தொடவில்லை, எனவே அவசரப் பேச்சுக்கான கதவே திறக்காது! ஒப்பந்தத்தின் உண்மையான பலவீனம் இதில்தான் இருக்கிறது. பற்றாக்குறை முழுவதும் அந்தப் பத்து நாள் முறையில்லாதவர் தலையில் விழுகிறது. ஏப்ரல் கடைசியில் 10 சதவீதம் குறைந்தால் அதே அடி இந்தியாவுக்கு விழும்: 25,992-க்குப் பதில் 19,893.

காரணம் சொல்லும்போது நிதானம் வேண்டும். கோடையில் ஃபராக்காவுக்கு வருவதில் பெரும்பகுதி, மழைக்காலத்தில் மண்ணில் இறங்கி மெல்லக் கசியும் நிலத்தடி நீர். ஏப்ரல், மே மாதங்களில் இமயத்துப் பனி உருகிய நீரும் சேரும். பனிப்பாறையின் பங்கு சிந்து நதியில் இருப்பதுபோல இங்கே பெரிதல்ல. எனவே ஃபராக்காவில் எண் குறைந்தால் பனிப்பாறையை மட்டும் காட்டுவது, மேலே ஓடும் ஆழ்குழாய்க் கிணறுகளையும் கால்வாய்களையும் கேள்வி கேட்காமல் விடுவதாகிவிடும். வெப்பம் ஏறுவதால் பனி முன்கூட்டி உருகுகிறதா என்று பார்க்க, மொத்தத்தைப் பார்க்காமல் மார்ச், ஏப்ரல், மே தவணைகளுக்கு இடையிலான விகிதம் இடம் மாறுகிறதா என்று பாருங்கள்.

புதிய வரைவில் எதைத் தேடுவது

முதலில் படிக்கட்டு. "கலந்துபேசுவோம்" என்பதற்குப் பதில், இந்த மட்டத்துக்கு இவ்வளவு குறைப்பு என்று முன்கூட்டியே எழுதப்பட்ட எண்கள். கொலராடோ ஆற்றில் அமெரிக்காவும் மெக்சிகோவும் 2017-இல் செய்துகொண்ட 323-ஆவது குறிப்பு நல்ல மாதிரி. அந்த ஆற்றின் பெரிய நீர்த்தேக்கமான மீட் ஏரியின் மட்டம் 1,075 அடிக்கு இறங்கினால் மெக்சிகோவின் ஆண்டுப் பங்கான 15 லட்சம் ஏக்கர்-அடியில் (ஓர் ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் நீர் ஒரு ஏக்கர்-அடி) 50,000 குறையும், 1,050-இல் 70,000, 1,025-இல் 125,000. அந்த இரு நாட்டின் 1944 நீர் ஒப்பந்தத்தைத் திறக்காமல் அதன் கீழ் குறிப்பாக எழுதியதால் நாடாளுமன்றங்களுக்கு இழுபட வேண்டியிருக்கவில்லை. 2022-இல் குறைப்பு முதன்முறை நடைமுறைக்கு வந்தபோது யாரும் புதிதாகப் பேரம் பேச உட்காரவில்லை.

கங்கைக்கு அப்படி ஒன்றை எழுதிப் பார்ப்போம். 60,000 வரத்தில் முறைக்காரரின் 35,000 என்பது 12-இல் 7 பங்கு. 60,000-க்குக் கீழே முறைக்காரருக்கு 7, மற்றவருக்கு 5 என்று விகிதமாக்கினால், 50,106 வரும் தவணையில் 29,229-மும் 20,877-மும் ஆகும். முறையும் நிற்கிறது, கடைமடையும் 15,106-க்குச் சரியவில்லை. 50,000-க்குக் கீழேயும் இதே விகிதம் ஓடும். பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும்.

ஸ்பெயினும் போர்ச்சுகலும் 1998-இல் செய்த அல்புஃபெய்ரா உடன்பாடு வேறு வழி போனது. மழை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போன ஆண்டில் ஆற்றின் மேல்பகுதி நாடான ஸ்பெயினுக்கு விலக்கு உண்டு. அந்த அளவு எங்கே, எப்படிக் கணக்கிடப்படும் என்பது எழுத்தில் இருக்கிறது. ஆண்டு மொத்தத்தை மட்டும் வைத்திருந்தால் எல்லா நீரையும் மழைக்காலத்தில் விட்டுவிட்டுக் கணக்கு நேர்செய்யலாம் என்பதால் 2008-இல் காலாண்டு, வார அளவுகளையும் சேர்த்தார்கள்.

அட்டவணையின் அடிப்படை ஆண்டுகள் ஐந்தாண்டு மறுஆய்வுதோறும் நகர வேண்டும். தினசரி அளவுகள் இரு பக்கமும் பொதுவெளிக்கு வர வேண்டும். நேபாளம் வேண்டும், கோசி, கண்டகி, கர்னாலி ஆறுகள் இல்லாமல் கோடைக் கங்கையே இல்லை, ஆனால் 1996 ஒப்பந்தத்தில் அதன் கையெழுத்து இல்லை. கோடை வரத்தைப் பெருக்கும் வழி காண்போம் என்ற 8-ஆவது பிரிவு வெறும் வரியாகவே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். நேபாளத்தில் அணை என்று வங்கதேசமும், பிரம்மபுத்திராவிலிருந்து கால்வாய் என்று இந்தியாவும் எழுபதுகளிலிருந்தே சொல்லி வந்தன. தகராறு வந்தால் கூட்டுக் குழு, கூட்டு நதி ஆணையம், பிறகு இரு அரசுகள் என்று ஏறும் இப்போதைய ஏணியில் மூன்றாமவர் யாரும் இல்லை. 1960 சிந்து ஒப்பந்தத்தில் இருப்பதுபோல ஒரு நடுநிலை நிபுணர் வருகிறாரா என்று பாருங்கள். 2025-இல் வங்கதேசம் ஐ.நா. நீர் உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டது, இந்தியா சேரவில்லை. அதனால் அந்த உடன்படிக்கையை வைத்து இந்தியாவைக் கட்டாயப்படுத்த வழியில்லை.

வரைவு கைக்கு வந்ததும் முன்னுரையைப் பிறகு படிக்கலாம். ஏப்ரல் 21–30 தவணையில் வரத்து 48,794 கனஅடி என்று வைத்து, அதாவது பழைய சராசரியில் 20 சதவீதம் குறைத்து, அதன் வாய்பாட்டில் போடுங்கள். இரண்டு நாட்டுக்கும் இரண்டு எண் வெளியே வருகிறதா என்று பாருங்கள். இப்போதைய ஒப்பந்தத்தில் வராது.